தாமரைச்செல்வி நிறுத்திய படம்

தாமரைச்செல்விக்கு யாரைப் பார்த்தாலும் முதலில் வருவது ஏளனம்தான். மரியாதை அதற்குப் பிறகு வந்தால் வரும், பெரும்பாலும் வராது. முதலியார்பேட்டையில் அவளோடு பள்ளிக்கூடம் போனவர்கள் அவளுக்கு 'உதட்டுச்சுழி' என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் அவள் உதடு இடப்பக்கமாகச் சுழித்துக்கொள்ளும். அப்பா துணி மில்லில் தறி ஓட்டியவர். இந்த வாயை எந்த மாமியார் தாங்குவாள் என்று பயந்துதான் மகளை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார் என்று தெருவில் சொல்வார்கள். ரேடியோ, டிவி மெக்கானிக் பிரிவு. வகுப்பில் முப்பது பையன்கள், அவளையும் சேர்த்து இரண்டு பெண்கள். இன்னொருத்தி பாதியில் கல்யாணம் ஆகிப் போய்விட்டாள். முப்பது பேரில் இருபத்தெட்டு பேருக்குச் சால்டரிங் அயனை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கடைசிவரை தெரியவில்லை என்பது அவள் கணக்கு.

படித்து முடித்ததும் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு டிவி கம்பெனியில் வேலை கிடைத்தது. ஒன்பது வருஷம் ஒரே நாற்காலி. பின்மூடி போடாத டிவிகள் பெல்ட்டில் வரிசையாக வரும். எதிரே ஒரு கண்ணாடி. டிவியின் முகம் அந்தக் கண்ணாடியில் தெரியும், இவள் கை டிவியின் முதுகில் இருக்கும். திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம் வரும். அந்தக் கோடுகள் கோணாமல் நேராக நிற்கும்வரை சின்னச் சின்னத் திருகுகளைத் திருகிவிட்டு அடுத்ததற்குப் போகவேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுப்பத்து டிவி. இரண்டாயிரத்து நாலில் ஒரு திங்கட்கிழமை கேட்டில் பூட்டுத் தொங்கியது. முதலாளி சென்னையிலிருந்து வந்து பேசுவார் என்றார்கள். இன்றைக்குவரை வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அவள் நெல்லித்தோப்பில் ஜானகிராமனின் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்தாள். வேலை, முன் மேசையில் உட்கார்ந்து பில் எழுதுவது, வாடிக்கையாளர் சொல்லும் குறையைச் சீட்டில் குறித்து உள்ளே அனுப்புவது. உள்ளே இருந்தவன் பலராமன். 'சிஸ்டம் இன்ஜினியர்' என்று சட்டைப்பையில் அட்டை தொங்கும். மூன்று மாதப் படிப்பின் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டி, அதற்கு வெள்ளிக்கிழமை பூவும் வைப்பான். எந்த நோய்க்கும் அவனிடம் ஒரே வைத்தியம், ஃபார்மட். கம்ப்யூட்டர் மெதுவாக இருந்தாலும் ஃபார்மட், பிரிண்டர் ஓடாவிட்டாலும் ஃபார்மட். சுவிட்ச் போட மறந்து எடுத்துவந்த ஒருவருடைய கம்ப்யூட்டரையும் ஃபார்மட் செய்து அனுப்பியிருக்கிறான். தாமரைச்செல்வி சீட்டில் எழுதும்போதே, 'குறை' என்ற இடத்துக்கு எதிரே மனசுக்குள் 'பலராமன்' என்று எழுதிக்கொள்வாள்.

இரண்டாயிரத்து ஏழு ஜனவரியில், பொங்கல் முடிந்த வாரம், பிரூனோ கடைக்குள் வந்தார். வந்த வேகத்திலேயே சண்டைக்கு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. ரெட்டியார்பாளையத்துச் சொல்தா அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருபத்தேழு வருஷம் இருந்து, பான்சியோன் என்கிற பென்ஷன் வாங்கிக்கொண்டு, மனைவி லோரா செத்த மறு வருஷம் ஊர் திரும்பி வீடு கட்டியவர். வயது அறுபதைத் தொட்டிருக்கும். இஸ்திரி மடிப்புக் கலையாத அரைக்கைச் சட்டை, பட்டாளத்து ஷூ, மழித்த தலை.

"எங்க அந்த பலராமன்? கூப்புடு."

"அவரு சைட்டுக்குப் போயிருக்காரு முசே. என்னா பிரச்சனைன்னு எங்கிட்ட சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

"நீ எழுதி என்னா கிழிக்கப் போற? மூணு தபா எழுதிட்ட."

மூன்று தடவை எழுதியதும் அவள்தான். பிரான்சிலிருந்து கப்பலில் வந்த அவருடைய பழைய டிவியில் கம்ப்யூட்டரை இணைத்திருந்தார்கள். படம் கறுப்பு வெள்ளையாக வந்தது, அதுவும் நடுங்கியது. பலராமன் முதல் தடவை போய்க் கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தான். இரண்டாம் தடவை டிவி இணைப்புக் கார்டை மாற்றினான். மூன்றாம் தடவை, பிக்சர் டியூப் செத்துப்போச்சு, இதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்.சி.டி. வாங்குங்கள், நம்ம கடையிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தான்.

"அந்த டிவியில என்னா பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

பிரூனோ கொஞ்சம் தயங்கினார். "விளையாட்டு. பந்து தட்டிச் செங்கல் ஒடைக்கிறது. பழைய மிஷின் செத்துப்போச்சு. இப்ப அதையே கம்ப்யூட்டர்ல போட்டு ஆடலாமாம், அதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு."

தாமரைச்செல்வியின் உதடு சுழித்தது. பேரன் பேத்தி எடுக்கிற வயதில் செங்கல் உடைக்க வந்துவிட்டார் பட்டாளத்துக்காரர். பிரூனோ அந்தச் சுழிப்பைப் பார்த்துவிட்டார். கோபத்தில் முழுக்கதையையும் கொட்டினார்.

லோராவின் தம்பி லுயீஸ். அவனும் சொல்தாதான், இப்போது பக்கத்துத் தெருவில் இருக்கிறான். எண்பத்தொன்பதில் பிரான்சில் துலோன் நகரத்தில் பிரூனோவின் குவார்ட்டர்ஸில் லீவுக்கு வந்து தங்கியிருந்தபோது, அந்த விளையாட்டில் நாற்பத்தோராயிரத்து முந்நூறு பாயிண்ட் அடித்ததாகச் சொன்னான். பிரூனோ வேலை முடிந்து வீடு திரும்பியபோது டிவியில் அந்த எண் இருந்தது உண்மைதான். ஆனால் லுயீஸ் அடித்திருக்க முடியாது. ஏதோ தில்லுமுல்லு. அவன் கை நடுக்கத்துக்குக் கரண்டியில் சூப்பே நிற்காது. பதினெட்டு வருஷமாக இந்தச் சண்டை நடக்கிறது. கல்யாண வீட்டிலும் நடந்தது, லோராவின் நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகும் நடந்தது. இப்போது ஆடிக் காட்டு என்றால், கம்ப்யூட்டர் திரையில் ஆடமாட்டேன், அது வேறு விளையாட்டு, அதே டிவியில் போடு என்கிறான். அதே டிவியில் போட்டால், பந்து நடுங்குகிறது, கண் வலிக்கிறது, இதில் எவன் ஆடுவான் என்று எழுந்து போய்விடுகிறான்.

"அவன் பொய்யன்னு நிரூபிக்க எனக்குப் பந்து நடுங்காம இருக்கணும். புரியுதா?"

பிரான்ஸ் கொடுத்த பான்சியோனை வாங்கி இரண்டு கிழவர்கள் இதற்குத்தான் செலவு செய்கிறார்களா என்று நினைத்தாலும், அவளுக்கு வேறொன்று உறுத்தியது. "டிவியத் தொறந்து பாத்தாரா பலராமன்?"

"தொடவே இல்ல."

"ஞாயித்துக்கிழமை நான் வர்றேன்."

ஜானகிராமன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பில் போடற பொண்ணு டிவி ரிப்பேரா? போய்ட்டு வா, போய்ட்டு வா. கடைப் பேரச் சொல்லாம போ."

ஞாயிற்றுக்கிழமை கணவன் முருகையனின் டெம்போவில் போனாள். கடலூர் ரோட்டில் ஆள் ஏற்றி ஓட்டுகிற டெம்போ. அன்றைக்கு ஏறியது அவளும் ஒரு கருவிப்பெட்டியும்தான். பிரூனோவின் டிவி ஒரு கிடாமாடு மாதிரி ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டரின் மஞ்சள் பின்னை அதில் சொருகியிருந்தார்கள். திரையில் செங்கல் வரிசைகள் சாம்பல் நிறத்தில் தெரிந்தன. ஒவ்வொரு செங்கல்லின் மேல் விளிம்பும் அடிவிளிம்பும் ஈ இறக்கைபோல் படபடத்தன. பந்து என்று ஒரு புள்ளி ஓடியது. அது ஓடியதா உதறியதா என்று சொல்ல முடியவில்லை.

அவள் ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "வெர்ட்டிகல் செக்ஷன்ல கண்டென்சர் காஞ்சுபோயிருக்கும். இருபது வருஷ டிவிக்கு இது வர்றதுதான். இதுகூடத் தெரியாம பிக்சர் டியூப் போச்சாம், பிக்சர் டியூப்!" என்று சொல்லிக்கொண்டே, பிரூனோ ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கவனிக்காமல், பின்மூடியைக் கழற்றினாள். இரண்டு கண்டென்சர்களை மாற்றினாள். பலராமனைப் பற்றி நாலு வார்த்தை, ஜானகிராமனைப் பற்றி நாலு வார்த்தை, பொதுவாகக் கம்ப்யூட்டர்க்காரர்களைப் பற்றிப் பத்து வார்த்தை. வேலை முடிந்தது. சுவிட்சைப் போட்டாள்.

செங்கற்கள் அதே மாதிரி படபடத்தன.

பிரூனோ எழுந்தார். அலமாரியைத் திறந்து, பிரான்சிலிருந்து கொண்டுவந்த வீடியோ பிளேயரில் ஒரு கேசட்டைப் போட்டார். யாருடைய கல்யாணமோ. மணப்பெண் வெள்ளை உடுப்பில் கோயில் படி இறங்கிவந்தாள். ரோஜாப் பூவின் சிவப்பு, பின்னால் கடலின் நீலம், எல்லாம் துல்லியமாக வந்தன. ஒரு கோடு ஆடவில்லை.

"டிவி கெட்டிருந்தா இதுவும் ஆடணும் இல்ல?" என்று சாதாரணமாகக் கேட்டார். "நான் பட்டாளத்துல சிக்னல் பிரிவும்மா. பலராமன்கிட்டயும் இதத்தான் சொன்னேன். அவனும் உன்ன மாதிரிதான், காதுல வாங்கல."

அந்தக் கடைசி வாக்கியம் தாமரைச்செல்வியின் முகத்தில் அறைந்தது. உன்ன மாதிரிதான். பலராமனோடு சேர்த்து. அவள் மூடியைத் திருகி மாட்டிவிட்டு, அடுத்த வாரம் வருகிறேன் என்று வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கிளம்பினாள். இந்திரா காந்தி சிலை தாண்டியும் வாய் திறக்கவில்லை. முருகையன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். "என்னா, வாய் வலிக்குதா?" என்றான். 

அந்த வாரம் முழுக்க அவளுக்குப் பில் எழுதக் கை ஓடவில்லை. கல்யாணம் ஆடவில்லை, செங்கல் ஆடுகிறது. டிவியும் ஒன்று, டியூபும் ஒன்று. அப்படியென்றால் வருகிற படத்தில்தான் வித்தியாசம். வியாழக்கிழமை மத்தியானம் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது கம்பெனி ஞாபகம் வந்தது. கட்டம் போட்ட படத்தை அனுப்புகிற பெட்டியில் சிவப்பாக ஒரு சுவிட்ச் இருக்கும். கட்டம் வரும்போது அதைக் கீழே தள்ளிவிட வேண்டும் என்று சூப்பர்வைசர் முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார். மறந்துபோய்த் தள்ளாமல் விட்டால் கட்டத்தின் கோடெல்லாம் படபடக்கும், கண்ணில் நீர் வரும். ஒன்பது வருஷம், நாளுக்கு நாலு தடவையாவது அந்தச் சுவிட்சைத் தள்ளியிருக்கிறாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஊரில் உள்ளவனையெல்லாம் முட்டாள் என்று சொன்ன வாய், தன்னைச் சொல்ல ஒரு வார்த்தை தேடியது.

விஷயம் இவ்வளவுதான். டிவி ஒரு படத்தை ஒரே மூச்சில் வரைவதில்லை. முதலில் ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைக் கோடுகளை வரையும். மறுபடி மேலே போய் இடைவெளிகளில் இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைக் கோடுகளை வரையும். முகம், சேலை, கடல் எல்லாம் பல கோடுகளில் பரவிக் கிடப்பவை, அதனால் இது கண்ணுக்குத் தெரியாது. செங்கல்லின் விளிம்பு அப்படியல்ல. அது ஒரே ஒரு கோட்டில் நிற்பது. ஒரு சுற்றில் இருக்கும், அடுத்த சுற்றில் இருக்காது. அதுதான் அந்தப் படபடப்பு. பழைய விளையாட்டு மிஷின்கள் இந்த இரண்டு சுற்று வேலைக்கே போகவில்லை. பாதிக் கோடுகளை மட்டும் அனுப்பி, ஒவ்வொரு தடவையும் அதே கோடுகளின் மேலேயே வரையச் செய்தன. படம் கல்லில் செதுக்கினதுபோல் நின்றது. கம்பெனிப் பெட்டியில் அந்தச் சுவிட்ச் செய்ததும் அதையேதான். கம்ப்யூட்டரின் டிவி கார்டுதான் படித்த பிள்ளைமாதிரி ஒழுங்காக எல்லாக் கோட்டையும் இரண்டு சுற்றில் அனுப்பிக்கொண்டிருந்தது.

தெரிந்துகொண்டது பாதி, செய்வது மீதி. மஞ்சள் பின் வழியாக அனுப்பும் கார்டு எதைச் சொன்னாலும் கேட்காது. மானிட்டருக்குப் போகிற வழியில் அனுப்பினால்தான் கோடுகளைத் தன் இஷ்டத்துக்கு அமைக்கலாம் என்று பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியதில் தெரிந்தது. இவளைப்போல் படம் நடுங்கி அவதிப்பட்டவர்கள் உலகமெல்லாம் இருந்தார்கள். அவர்கள் எழுதிய ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிரெஞ்சில் இருந்ததைப் பிரிண்ட் எடுத்துப் பிரூனோவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

"உங்க டிவி பின்னால அகலமா ஒரு சாக்கெட் இருக்கே முசே, அது என்னா?"

"அதா? பெரித்தெல். பிரான்ஸ்ல எல்லா டிவிலயும் இருக்கும். கேசட் பிளேயருக்கு அதுதான்."

இருபத்தோரு பின் கொண்ட அந்தச் சாக்கெட்டில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனியாக உள்ளே போகும் வழி இருந்தது. கறுப்பு வெள்ளைக்கும் விடை அங்கேயே கிடைத்தது. மஞ்சள் பின்னில் நம்மூர் முறையில் போகிற கலரைப் பிரான்ஸ் டிவிக்குப் புரிந்துகொள்ளத் தெரியாது. மூன்று நிறத்தையும் தனியாகக் கையில் கொடுத்துவிட்டால் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

"உங்ககிட்ட ரெண்டு பெரித்தெல் கேபிள் இருக்குதே, ஒண்ண வெட்டணும்."

பிரூனோ கேபிளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. கடைசியில் அவரே கத்தரியை எடுத்து வெட்டிக் கொடுத்தார்.

பிப்ரவரியில் இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. ஒரு முனையில் பெரித்தெல், மறு முனையில் மானிட்டர் பிளக், நடுவில் ஒரு சோப்புப் பெட்டிக்குள் இரண்டு மூன்று ரெசிஸ்டரும் ஒரு டிரான்சிஸ்டரும். இனிமேல்தான் பயம். கம்ப்யூட்டர் மானிட்டருக்குக் கோடு அனுப்பும் வேகம், டிவியின் வேகத்தைப்போல இரண்டு மடங்கு. அந்த வேகத்திலேயே டிவிக்குள் விட்டால் உள்ளே டிரான்சிஸ்டர் வெந்துவிடும். முதலில் கம்ப்யூட்டரைப் பாதி வேகத்துக்கு இறக்கும் புரோகிராமைப் போடவேண்டும். இறங்கிய கணமே மானிட்டர் இருண்டுபோகும், அந்த வேகம் அதற்குப் பிடிக்காது. இருண்டதா என்று பார்த்த பிறகே கேபிளை டிவிக்கு மாற்றவேண்டும்.

மானிட்டர் இருண்டது. அவள் கேபிளை மாற்றினாள். டிவியில் படம் கீழிருந்து மேலாக உருண்டது. பின்னால் கையை விட்டு ஒரு திருகை அரைச் சுற்றுத் திருகினாள். உருண்டுகொண்டிருந்த படம் தயங்கியது, நின்றது.

செங்கற்கள் சிவப்பு, மஞ்சள், பச்சை. விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் நேராக. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் மெல்லிய கறுப்பு. பந்து எங்கே போனாலும் பந்தாகவே போயிற்று.

"வுவாலா," என்றார் பிரூனோ மெதுவாக. எழுந்துவந்து திரையைத் தொட்டுப் பார்த்தார். "ஆடலையே."

"ஆடாது."

 செங்கல் உடைக்கிற பொம்மைக்காகக் கண் கலங்குகிற ஜென்மம் நானாகத்தான் இருப்பேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு, சால்டரிங் அயனைத் துடைக்க ஆரம்பித்தாள்.

அடுத்த ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் லுயீஸ் வரவழைக்கப்பட்டார். டிவியில் குறை இருக்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காகத் தாமரைச்செல்வியையும் இருக்கச் சொல்லியிருந்தார் பிரூனோ. லுயீஸ் ஒல்லியான மனிதர். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து மேலிருந்து கீழாக ஆராய்ந்தார். படம் ஆடவில்லை. நாற்காலி உயரம் சரியில்லை என்றார். வேறு நாற்காலி வந்தது. ஜன்னல் வெளிச்சம் என்றார், திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள்.

"இன்னும் என்னா மச்சான் வேணும்? சாமியார வரச்சொல்லி மந்திரிக்கட்டுமா?" என்றார் பிரூனோ.

லுயீஸ் ஆடினார். மூன்று முறை ஆடலாம் என்று பேச்சு. முதல் முறை இரண்டாயிரத்து நூறு. இரண்டாம் முறை நாலாயிரம். மூன்றாம் முறை உதட்டைக் கடித்துக்கொண்டு ஐயாயிரத்து எழுநூறு வரை போனார். பந்து அவர் மட்டைக்கு ஒரு விரற்கடை தள்ளிக் கீழே விழுந்தது.

பிரூனோ தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "நாப்பத்தோராயிரத்து முந்நூறு! ஆண்டவரே! பதினெட்டு வருஷம்! பதினெட்டு வருஷமா இந்தப் பொய்யத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்கியே, தோள் வலிக்கல?" பிறகு தானும் உட்கார்ந்து ஆடிக் காட்டினார். மூவாயிரத்து இருநூறில் ஆட்டம் முடிந்தது. அதைப் பற்றி அவர் எதுவும் பேசவில்லை. லுயீஸின் ஐயாயிரத்தையே மறுபடி மறுபடி சொல்லிச் சிரித்தார்.

லுயீஸ் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நான் அடிக்கல மச்சான். அக்கா அடிச்சுது."

சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "எந்த அக்கா?"

"எனக்கு எத்தன அக்கா? லோரா அக்காதான். நீ டியூட்டிக்குப் போனதும் தெனமும் ஆடும். அடுப்புல குழம்பு கொதிக்கும், இங்க உக்காந்து ஆடும். அன்னிக்கு நீ சீக்கிரம் வந்துட்ட. நிறுத்த நேரமில்ல. அக்கா கரண்டிய எடுத்துக்கிட்டு உள்ள ஓடிடுச்சி. நீ யாரு அடிச்சதுன்னு கேட்ட, நான்தான்னு சொன்னேன்."

"ஏன்?"

"மறந்துட்டியா? பொம்பள தொட்டா டிவி கெட்டுடும்னு சொல்லி நீ மிஷின அலமாரில வச்சுப் பூட்டல? சாவி எங்க இருக்குன்னு அக்காவுக்குத் தெரியும்."

 பிரூனோ திரையைப் பார்த்தார், லுயீஸைப் பார்த்தார். பிறகு அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "அப்ப நான் சொன்னது சரிதானே. நீ அடிக்கல."

தாமரைச்செல்வி உதட்டைச் சுழிக்கக்கூட மறந்து பலமாக மூச்சை விட்டாள். இரண்டு பட்டாளத்துக்காரர்கள் பதினெட்டு வருஷம் அடித்துக்கொண்ட எண், ஒருத்தி குழம்பு கொதிக்கிற நேரத்தில் சத்தமில்லாமல் அடித்துவிட்டுப் போனது. உயிரோடு இருந்தவரை சண்டை நடந்தபோதெல்லாம் லோரா பக்கத்தில் நின்று பரிமாறியிருப்பாள். எப்படிச் சிரிப்பை அடக்கினாளோ.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல பாரு," என்றார் பிரூனோ கடைசியில்.

"சொல்லியிருந்தா என்னா செஞ்சிருப்ப?" என்று கேட்டார் லுயீஸ்.

 பிரூனோ எழுந்து சமையலறைக்குள் போனார். அங்கே வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. தாமரைச்செல்வி பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் லுயீஸ் அவளிடம், "நல்லா நிறுத்தினம்மா படத்த," என்று குறைப்பட்டுக்கொள்வதுபோல் சொன்னார்.

படம் நின்ற செய்தியைக் கோயிலுக்கு வந்த சொல்தாக்களிடம் பிரூனோ பரப்பினார். மற்றதை அவர் சொல்லவில்லை, லுயீஸ் சொல்லிவிட்டார். பிரான்ஸ் டிவியைப் பரணில் போட்டு வைத்திருந்த வீடுகள் ரெட்டியார்பாளையத்திலும் உழவர்கரையிலும் எவ்வளவோ இருந்தன. கடைக்குப் போன் வர ஆரம்பித்தது. ஜானகிராமன் மறுநாளே ஒரு பேனர் அடித்து மாட்டினார்: 'பிரான்ஸ் டிவிக்குக் கேம் கனெக்ஷன் செய்து தரப்படும்'. கீழே பலராமனின் பெயரும் செல் நம்பரும்.

"நீ என்னா பண்ணன்னு அவனுக்குச் சொல்லிக் குடு. நாளைக்கு உழவர்கரைக்குப் போறான்," என்றார்.

சொல்லிக் கொடுத்தாள். "மொதல்ல மானிட்டர் இருட்டாகணும். அப்புறம்தான் டிவியில சொருகணும். அவசரப்பட்டீங்கன்னா உள்ள வெந்துடும்." பலராமன் செல்போனில் மெசேஜ் படித்துக்கொண்டே தலையாட்டினான்.

உழவர்கரையில் ஒரேலி மதாம் தனியாக இருந்த ஒரு சொல்தா விதவை. லீவுக்கு வரும் மகனுக்காகக் கனெக்ஷன் கேட்டிருந்தார். பலராமன் போய் நேராக டிவியில் சொருகினான். டிவி ஒரு தடவை கீச்சென்று கத்தியது, அதோடு சரி. சாயங்காலம் ஜானகிராமன் தாமரைச்செல்வியை உள்ளே கூப்பிட்டார். "நீ போய்ப் பேசு. பொம்பளைக்குப் பொம்பள. டிவி ஏற்கெனவே சாகக் கெடந்ததுன்னு சொல்லு. நீ ஐ.டி.ஐ. படிச்சவ, சொன்னா நம்புவாங்க."

மூன்று வருஷத்தில் தான் ஐ.டி.ஐ. படித்தவள் என்பது அவருக்கு ஞாபகம் வந்தது அன்றைக்குத்தான்.

"பொய் சொல்றதுக்குத் தனியா ஆள் வச்சுக்குங்க சார். எனக்குப் பில் எழுதத்தான் சம்பளம் குடுக்கறீங்க. நாளையிலேருந்து அதுவும் வேணாம்," என்று சொல்லி, பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வந்தாள். பலராமனின் சான்றிதழுக்கு அன்றைக்கு வைத்த சாமந்திப்பூவை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள் என்று பிறகு கடையில் சொன்னார்கள். அது பொய். அவளுக்குச் சாமந்தி பிடிக்காது.

மறுநாள் ஒரேலி மதாம் வீட்டுக்குத் தானாகவே போனாள். வெந்துபோன டிரான்சிஸ்டரை எடுத்துவிட்டு வேறொன்று போட்டாள். டிவி உயிர் பெற்றது.

"உங்க கடை ஆள்தானே கெடுத்தான்? நீ வந்து சரிபண்ற?" என்று கேட்டார் மதாம்.

"எனக்குக் கடை இல்ல மதாம்."

அந்த வருஷமே வீட்டின் முன் அறையில் மேசை போட்டாள். பெயர்ப்பலகை வைக்கவில்லை. சொல்தா வீடுகள் வைத்த 'பெரித்தெல் பொண்ணு' என்ற பெயரைச் சொன்னால் போதும், முதலியார்பேட்டையில் எவரும் வழி காட்டுவார்கள். முப்பத்திரண்டு வயதில் பொண்ணு என்று கூப்பிடுகிறார்களே என்று அதற்கும் ஒரு சுழிப்பு. வாய் மாறவில்லை. எழுபது வயது மனிதர், விளையாட்டில் ஒரு பொம்மைக் கார் சரியாகத் திரும்பவில்லை என்று முறையிட்டால், "அது படத்துக் கோளாறு இல்ல முசே, உங்க கைக் கோளாறு," என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவாள். ஆனால் பிரூனோ வீட்டில் கண்டென்சர் மாற்றிய நாளிலிருந்து ஒரு பழக்கம் வந்திருந்தது. எந்த டிவியையும் திறக்கும் முன் வீட்டுக்காரரை உட்காரவைத்து, என்ன பார்த்தீர்கள், எப்போது ஆடுகிறது, எப்போது ஆடவில்லை என்று முழுவதும் கேட்டுக்கொள்வாள். கேட்கும்போது உதடு சுழிக்காமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொள்வாள். முருகையன் அதைப் பார்த்துவிட்டு, பல் டாக்டரிடம் கூட்டிப்போகவா என்று கேட்பான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் மழைக்கு முந்தி ஒருநாள் பிரூனோ அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். படம் லேசாக மங்குகிறதாம். போய்ப் பார்த்தாள். டிவிக்கு எதிரே நாற்காலி, பக்கத்தில் டீக்கோப்பை, சுவரில் பென்சிலால் கிறுக்கிய எண்கள். தினமும் மத்தியானம் ஆடுகிறார் என்று தெரிந்தது. கடைசி எண் பத்தொன்பதாயிரத்து எண்ணூறு.

"ரெண்டு வருஷமா ஆடறேம்மா. பாதிகூட வரல," என்றார். "எப்படித்தான் அடிச்சாளோ."

தாமரைச்செல்வி பின்மூடியைக் கழற்றிக்கொண்டே, "அவங்க ஒரு கண்ண அடுப்பு மேல வச்சுக்கிட்டு அடிச்சாங்க முசே. நீங்க எழுந்துபோய்க் குழம்பு வச்சுட்டு வந்து ஆடிப் பாருங்க," என்றாள்.

பிரூனோ கோபப்படவில்லை. டார்ச்சை அவளுக்கு வாகாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.